வட்டமாகச் சிவந்ததெல்லாம் லைம் அல்ல

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சவுதியில், அல் கோபாரில் என்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது உங்களிடம் வந்து சொல்வார்கள். அவர்கள் சொன்னால் இன்னும் கொஞ்சம் மசாலா சேர்ந்துவிடும். நான் ஓய்வு பெற்ற அன்று பிரிவு உபசாரத்தில் கேக்கை வெட்டும் முன்பே இந்தக் கதையைத்தான் எடுத்து வெட்டினார்கள்.

துபாயில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போயிருந்தேன். உண்ணி கடித்து வரும் நோய்களைப் பற்றி நாள் முழுக்கப் பேச்சு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நான் தூங்காமல் கேட்ட ஒரே மாநாடு அதுதான். லைம் நோய் என்று ஒன்றைப் படம் போட்டுக் காட்டினார்கள். எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் ஓர் ஊரின் பெயர். குளிர்நாட்டுக் காடுகளில் இருக்கும் உண்ணி கடித்தால் அதன் வழியே ஒரு கிருமி உள்ளே போகும். கடித்த இடத்தில் தோல் வட்டமாகச் சிவந்து பரவும். சிலருக்கு நடுவில் வெளுத்து, கேரம் பலகையின் நடு வட்டம் மாதிரி வளையம் விழும். அந்த வட்டத்தை மனதுக்குள் மாட்டிக்கொண்டு, மாநாட்டில் இலவசமாகக் கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோபாருக்குத் திரும்பினேன்.

அடுத்த நாள் காலையில் முருகேசன் வந்தார். ராமநாதபுரம் பக்கம்; சாரம் கட்டும் வேலை. உடம்பு வலி, அசதி என்றார். சட்டையைத் தூக்கச் சொன்னேன். வலது தோள்பட்டைக்குக் கீழே அச்சில் வார்த்த மாதிரி ஒரு சிவப்பு வட்டம்!

"முருகேசன், காட்டுப் பக்கம் எங்கயாவது போனீங்களா?"

"காடா? கேம்ப்லேர்ந்து சைட்டு, சைட்லேர்ந்து கேம்ப்பு. நடுவுல நிழலுக்கு ஒரு வேப்பமரம்கூட இல்ல சார்."

"ஆடு, ஒட்டகம் பக்கத்துல போனீங்களா?"

"ஆடு பிரியாணில வந்துச்சு சார்."

இந்தப் பதில்களைக் கேட்டால் எந்த மருத்துவனும் நிதானித்திருப்பான். நான் நிதானிக்கவில்லை. செல்போனை எடுத்து அந்த முதுகை நாலு கோணத்தில் படம் பிடித்தேன். எழுதப்போகும் கட்டுரைக்குத் தலைப்புகூட வந்துவிட்டது. அப்போதுதான் எங்கள் நர்ஸ் ரோசம்மா சிஸ்டர் உள்ளே வந்தார். கோட்டயத்துக்காரர். என்னோடு வேலை பார்த்தே தமிழ் பேசக் கற்றவர். என் தமிழைக் கெடுத்தவரும் அவர்தான். அவர் முருகேசனின் சட்டையின் மறுபாதியையும் தூக்கினார்.

"டாக்டரே, இந்தப் பக்கமும் ஒண்ணு உண்டு. கீழே ரெண்டு உண்டு. இந்த உண்ணி என்ன, ஸ்கேல் வெச்சு அளந்தா கடிச்சது?"

நான் குனிந்து பார்த்தேன். சிஸ்டர் நிதானமாகச் சொன்னார்: "ஹிஜாமா, டாக்டரே."

முதுகில் கப் கவிழ்த்து, கீறி, ரத்தத்தை இழுத்து எடுக்கும் அந்த வைத்தியம் இங்கே எல்லோருக்கும் பழக்கம். நானே எத்தனையோ முதுகுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று என் கண்ணில் இருந்தது துபாய்.

"ரூம்ல பாய் ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு சார்," என்றார் முருகேசன் வெட்கத்தோடு. "வலி போகும்னாரு. போகல. அதான் உங்ககிட்ட வந்தேன். போட்டோ எடுத்தா சரியாயிடுமா?"

அன்றிலிருந்து எங்கள் கிளினிக்கில் 'ஹிஜாமா' என்பது மந்திரச் சொல் ஆயிற்று. நான் எதையாவது நம்பி, கொஞ்சம் வேகமாகப் பறக்க ஆரம்பித்தால், ரோசம்மா சிஸ்டர் பின்னாலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்வார். இறங்கிவிடுவேன்.

வளைகுடாவுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் தம்பிகளே, தங்கைகளே, பாலைவனத்தில் உட்கார்ந்து லைம் நோயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறதா என்று கேட்பீர்கள். இங்கே நோய் ஊரில் விளைந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஏர்போர்ட்டில் பெட்டியோடும் வரும். உலகத்து மக்கள் எல்லாரும் வந்து போகும் இடத்தில் உலகத்து நோய்களும், அவற்றைப் பற்றிய சண்டைகளும் வந்து போகும். அப்படி ஒரு சண்டையின் நடுவில் நான் மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இளங்கோவனை எனக்கு நோயாளியாகத் தெரியும் முன்பே பந்துவீச்சாளராகத் தெரியும். புதுக்கோட்டைக்காரர். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கருவிகளைக் கவனிக்கும் என்ஜினியர். வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே மணல் மைதானத்தில் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இளங்கோவன்தான் முதல் ஓவர். நான் அம்பயர். என் கண் கூர்மையால் கிடைத்த பதவி அல்ல அது. ஐஸ் பெட்டி வைக்கிற அளவுக்குப் பெரிய டிக்கி என் காரில்தான் இருந்தது.

கம்பெனி அவரைப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பியது. கோடைக்காலம். வாரக் கடைசியில் காட்டில் நடந்திருக்கிறார். முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்தது, வட்டமாகச் சிவந்தது. நிஜமான வட்டம், ஹிஜாமா இல்லை. அங்கேயே டாக்டரிடம் காட்டி, கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டு முடித்தார். வட்டம் மறைந்தது. கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. திரும்பி வந்த பிறகு மூட்டெல்லாம் வலி. மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்த மாதிரி அசதி. ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் தலையில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மைதானத்துக்கு வந்து, ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ரத்தம், தைராய்டு, வைட்டமின், மூட்டு எக்ஸ்ரே என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் நார்மல். இந்த 'நார்மல்' என்ற சொல்லை நாம் நல்ல செய்தியாகச் சொல்கிறோம். வலியோடு உட்கார்ந்திருப்பவன் காதில் அது 'நீ பொய் சொல்கிறாய்' என்று விழும்.

இளங்கோவனின் மனைவி தேன்மொழி, கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் இணையத்தில் தேடி, வெளிநாட்டு லேப் ஒன்றுக்கு ரத்தத்தை அனுப்பி, முடிவையும் வாங்கிவிட்டார். சிவப்பு எழுத்தில் பாசிட்டிவ். வெளிநாட்டு கிளினிக் ஒன்று வீடியோவில் அவர்களோடு பேசியது: இது நாள்பட்ட லைம், கிருமி உடம்பில் ஒளிந்திருக்கிறது, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் டிரிப் ஏற்ற வேண்டும், உள்ளூரில் ஒரு டாக்டர் நெஞ்சுக்குள் போகும் ரத்தக் குழாயில் நிரந்தரமாக ஒரு டியூப் வைத்துக் கொடுத்தால் போதும். அந்த உள்ளூர் டாக்டராக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இங்கே தங்குவதற்கு அரசாங்கம் தரும் அனுமதி அட்டைக்கு இக்காமா என்று பெயர். நான் வழக்கம்போல அதை வைத்து முதலில் வாயைவிட்டேன். "தேன்மொழி, சவுதியில உண்ணிக்கு இக்காமா கிடைக்காதும்மா."

"இவருக்குக் கிடைச்சிருக்கே டாக்டர். கிருமி இவரோட இக்காமால தங்கியிருக்கு."

ரோசம்மா சிஸ்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாயை மூடினேன். அந்தக் கணக்கு டீச்சரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

இந்த நோயைப் பற்றி மருத்துவ உலகத்தில் ரெண்டு கட்சி உண்டு. பெரிய கட்சி சொல்வது: மாத்திரை முடிந்ததும் பெரும்பாலும் கிருமி முடிந்தது, சிலருக்கு அதன் பிறகும் வலியும் அசதியும் தொடரும், ஏன் என்று உறுதியாகத் தெரியவில்லை, மாதக்கணக்கில் மருந்து ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் நிலைத்த பலன் ஏதும் தெரியவில்லை, ஆபத்துதான் தெரிந்தது. சின்னக் கட்சி சொல்வது: கிருமி ஒளிந்திருக்கிறது, உங்கள் பரிசோதனைகள் ஓட்டை, நோயாளியை நீங்கள் கைவிடுகிறீர்கள். நான் பெரிய கட்சி. இன்றும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் எங்கள் கட்சியிலும் சிலர், 'ஏன் என்று தெரியவில்லை' என்ற வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிட்டு, 'எல்லாம் மனசுதான்' என்று நோயாளியை அனுப்பிவிடுவார்கள். அப்படி நாம் சாத்திய கதவுக்கு வெளியே நின்றுதான் அந்த வீடியோ கிளினிக்குகள் கடை விரிக்கின்றன. ரெண்டு கட்சியும் மாநாட்டுக்கு மாநாடு மோதிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு மனிதர் மாடிப்படி ஏற முடியாமல் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

போதாக்குறைக்கு இளங்கோவனின் கம்பெனி மருத்துவ அதிகாரி போன் செய்தார். ஹைதராபாத்காரர், நல்ல மனிதர்தான். "டாக்டர் சாப், ஹான் யா நா? நோய் இருக்குன்னா லீவ் தர்றேன். இல்லேன்னா திங்கட்கிழமை சைட்டுக்கு வரணும், டவர் ஏறணும். ஏறலேன்னா ஃபைனல் எக்ஸிட், ஊருக்கே அனுப்பிடுவாங்க. ஃபார்ம்ல நடுவுல எழுத இடமில்ல பாய்."

புரிகிறதல்லவா? 'லைம் இல்லை' என்று எழுதினால் வேலை போகும். 'லைம் இருக்கிறது' என்று எழுதினால் அதே காகிதத்தைக் காட்டி நெஞ்சில் டியூப் வைத்துவிடுவார்கள். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அப்பீல் கேட்டுக் கத்துகிறார்கள். அம்பயருக்கோ பந்தே தெரியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் நான் போன் போடுவதற்கு ஒருவர் இருந்தார். தம்மாமில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொற்றுநோய் நிபுணர். சூடான் நாட்டுப் பெண்மணி. என்னைவிட நிறைய இளையவர். பெயர் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பேச்சில் ஒரு சொல் கூடுதலாகச் செலவழிக்க மாட்டார். தேன்மொழியையும் இளங்கோவனையும் எதிரில் வைத்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: "மணலில் காலடி தெரிகிறது. ஆள் நடந்தான் என்று அர்த்தம். இன்னும் அங்கேயே நிற்கிறான் என்று அர்த்தமில்லை. அந்த ரத்தப் பரிசோதனை காலடியைத்தான் பார்க்கும். வருஷக்கணக்கில் அழியாது."

"அப்ப ஏன் வலிக்குது?" என்றார் தேன்மொழி.

"தெரியாது," என்றார் அவர். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

தேன்மொழி என் பக்கம் திரும்பினார். "சரி டாக்டர். தெரியாதுங்கிறீங்க. மருந்தைக் கொடுத்துத்தான் பாருங்களேன். என்ன நஷ்டம்?"

தம்பிகளே, நம் தொழிலில் மிக ஆபத்தான கேள்வி இதுதான். கேட்பவர் எப்போதும் அன்பினால்தான் கேட்பார். நான் ஜோக் எதுவும் சொல்லாமல் பதில் சொன்னேன். டியூப் வழியாக வேறு கிருமி நேராக ரத்தத்துக்குள் போகலாம். பித்தப்பை கெடலாம். குடல் நாசமாகலாம். இருக்கும் வலியோடு இல்லாத நோய் ஒன்றையும் நான் கையால் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

அதுவரை பேசாமலிருந்த இளங்கோவன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "டாக்டர், நீங்க நம்புறீங்களா?"

"எதை இளங்கோ?"

"எனக்கு வலிக்குதுங்கிறதை."

பத்து நிமிஷமாக அந்த அறையில் கிருமியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டோம். அவர் இதைக் கேட்பதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.

"நூத்துக்கு நூறு நம்புறேன். அந்தக் கிருமி இன்னும் உள்ள உக்காந்துருக்குங்கிறதை மட்டும்தான் நம்பல."

"அப்ப உங்ககிட்ட என்னதான் இருக்கு?" என்றார் தேன்மொழி.

"பெருசா ஒண்ணுமில்லம்மா. தூக்கத்தைச் சரி பண்ணலாம். வலிக்கு மருந்து இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா நடக்க வைக்கலாம். வாரா வாரம் வாங்க. வேற ஏதாவது புதுசா தலை காட்டுதான்னு பார்த்துட்டே இருப்பேன்."

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்சீங்க?"

"பாதி வருஷம் அரியர்ஸ்மா."

அவர் சிரிக்கவில்லை. ரெண்டு பேரும் எழுந்து போனார்கள். வேறு ஊரில் டியூப் வைக்கத் தயாராக ஒரு டாக்டர் இருக்கிறாராம். அவரையும் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டே போனார்கள்.

கம்பெனி ஃபார்மில் நடுவில் எழுத இடமில்லை என்றாரல்லவா, நான் அதைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன்: லைம் வந்தது, சிகிச்சை முடிந்தது. வலியும் அசதியும் உண்மை. காரணம் உறுதியாகத் தெரியாது. டவர் வேண்டாம், ஆபீஸ் வேலை கொடுங்கள், மாதம் ஒருமுறை திரும்பப் பார்க்கலாம். ஹைதராபாத்காரர் போனில் கத்தினார். "டாக்டர் சாப், இது ஹானும் இல்ல, நாவும் இல்ல!" "உடம்பும் அப்படித்தான் பாய்," என்றேன். நாலு நாள் முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சொன்னேனே, நல்ல மனிதர்.

அடுத்த வாரம் அவர்கள் வரவேண்டிய நாளில் நான் காரணமே இல்லாமல் வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். கடக் சாயா வாங்கப்போவதாகச் சொன்னேன். "கையில ஒரு கிளாஸ் உண்டு டாக்டரே," என்றார் சிஸ்டர். நேரம் தாண்டியது. டியூப் வைத்திருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். கடைசி நோயாளியும் போன பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ரெண்டு பேரும் வந்தார்கள்.

"அந்த டாக்டரைப் பாத்தீங்களா?" என்றேன், அக்கறையில்லாதவன் மாதிரி.

"பாத்தோம்," என்றார் தேன்மொழி. "நான் கேட்ட எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்தாரு டாக்டர். ஒண்ணுக்குக்கூட யோசிக்கல. நான் டீச்சர். கணக்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே விடையைச் சொல்ற பையனை நம்ப மாட்டேன்."

இதோடு சுபம் போட்டால் நான் நல்ல டாக்டராகிவிடுவேன். போட முடியாது. கோபார் கடற்கரையில் இளங்கோவன் நடக்க ஆரம்பித்தார். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை, பிறகு அதற்கடுத்தது வரை. மெதுவாக முகம் தெளிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்தில், "டாக்டர், ஒரே ஒரு ஓவர்," என்று கெஞ்சினார். அம்பயர் நானேதானே? கொடுத்தேன். அழகாக வீசினார். நான் கை தட்டினேன். அம்பயர் கை தட்டக் கூடாது என்று எதிரணி சண்டைக்கு வந்தது. மறுநாளிலிருந்து இளங்கோவன் படுத்த படுக்கை. கட்டிய கோட்டையெல்லாம் சரிந்தது.

தேன்மொழி தனியாக வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, "டாக்டர், முடியல," என்று மட்டும் சொன்னார். என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை அரித்தது. டிரிப் வேண்டாம், டியூப் வேண்டாம், மாத்திரையாகவே இன்னொரு முறை கொடுத்தால் என்ன, ஒருவேளை கிருமி மிச்சமிருந்தால்? கையில் பேனா வந்துவிட்டது. மருந்தின் முதல் ரெண்டு எழுத்தையும் எழுதிவிட்டேன்.

பின்னாலிருந்து ரோசம்மா சிஸ்டர், பஞ்சு டப்பாவை அடுக்கியபடியே, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னார்: "ஹிஜாமா."

தேன்மொழிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முருகேசனின் முதுகில் எனக்கு வேண்டியதைப் பார்த்தேன். இப்போது தேன்மொழியின் கண்ணீரில் எனக்கு வேண்டிய கிருமியைப் பார்க்கிறேன். அந்த மாத்திரை இளங்கோவனுக்கு அல்ல, எனக்கு. நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று காட்டிக்கொள்ள.

தாளைக் கிழித்தேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இளங்கோவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் தலையிலிருந்து கால் வரை சோதித்தேன். மூட்டில் வீக்கமில்லை, காய்ச்சலில்லை, புதிதாக எதுவுமில்லை. "ஒரு ஓவர் அதிகம். தப்பு அம்பயர் மேல," என்றேன். அவர் படுத்தபடியே சிரித்தார். மறுபடி முதல் விளக்குக் கம்பத்திலிருந்து ஆரம்பித்தோம். பல நாள் நானும் கூட நடந்தேன். எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும்.

அடுத்த ரமலானும் வந்து போனது. மறுபடி டவர் ஏறினார். முழுக்கப் பழைய ஆளா என்றால், இல்லை. ஏதாவது ஒரு குளிர்காலக் காலையில் மூட்டு நினைவுபடுத்தும் என்பார். எது குணமாக்கியது? நடையா, தூக்கமா, காலமா? அந்த சூடான் டாக்டரிடம் கேட்டேன். "தெரியாது," என்றார், அதே குரலில். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட சொல் அது. உச்சரிக்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. ஆனால் நினைவிருக்கட்டும், 'தெரியாது' என்று சொன்ன பிறகு எழுந்து போய்விடக் கூடாது. அதைச் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

உங்களுக்காக இதை எழுதுவதற்கு முன்னால் இளங்கோவனின் அனுமதி கேட்க, கடந்த வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தேன். தாராளமா எழுதுங்க என்றார். என் நாக்கு சும்மா இருக்குமா? உலகமே ரெண்டு கட்சியாக நின்று அடித்துக்கொள்ளும் அந்தக் கேள்வியை, உடம்பின் சொந்தக்காரனிடமே ஒருமுறை கேட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

"இளங்கோ, இப்ப மனசைத் தொட்டுச் சொல்லுங்க. அந்தக் கிருமி அப்ப உள்ள இருந்துச்சா, இல்லையா?"

பின்னணியில் காற்றும், யாரோ ஒருவரின் கூச்சலும் கேட்டன.

"டாஸ் போட்டாச்சு டாக்டர், வைக்கிறேன்."